ஏப்பம் ஏன் வருகிறது? – கல்லாவில் அமர்வோர் கவனத்திற்கு

"வாங்கிய சரக்குக்குப் பணம் கொடுக்காமல் ஏப்பம் விட்டுவிட்டான்" என்று நம் கடைத்தெருவில் பேசாத நாள் கிடையாது. கூட்டு வியாபாரத்தில் பொருத்தமில்லாத இருவர் இறங்கினால், "பசியேப்பக்காரனும் புளியேப்பக்காரனும் கூட்டுச் சேர்ந்த கதை" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். ஒருவன் வயிறு காய்ந்து ஏப்பம் விடுகிறான். மற்றவன் தின்றது செரிக்காமல் ஏப்பம் விடுகிறான். இருவரும் சேர்ந்து ஒரு காரியம் எப்படி நடக்கும்?

இப்படி நம் தொழிற்பேச்சில் ஏப்பத்துக்கு நல்ல இடம் உண்டு. ஆனால் அது எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்று நம்மில் பலர் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. வரி, உரிமம், எடை முத்திரை என்று எழுதும் இதழில் ஏப்பத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வயிற்றுக் கோளாறுக்கென்று சோடாவும் ஓமமும் சுக்கும் பெருங்காயமும் விற்கிறவர்கள் நாம்தான். நேரம் தவறிச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர்களும் நாம்தான். இதை எழுத வேறொரு காரணமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

வரவு எங்கிருந்து?

ஏப்பத்தில் வெளிவருவது பெரும்பாலும் சாதாரணக் காற்றுதான். நம்மைச் சுற்றி இருக்கிற அதே நைட்ரஜனும் பிராண வாயுவும்தான். வயிற்றுக்குள் உணவு கெட்டுப்போய் உண்டான வாயு என்று பலரும் நினைப்பது சரியல்ல. வாய் வழியாக நாம் விழுங்கிய காற்றே வாய் வழியாகத் திரும்புகிறது.

உணவையோ நீரையோ எச்சிலையோ விழுங்கும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு காற்றும் கூடவே உள்ளே போகிறது. ஒரு முறைக்குச் சில மில்லி லிட்டர்தான். ஆனால் ஒரு நாளில் பல நூறு முறை விழுங்குகிறோம். சில்லறை சேர்ந்து நோட்டு ஆவது போல இதுவும் சேர்ந்துவிடுகிறது. நல்ல உடல்நலம் உள்ள ஒருவர் ஒரு நாளில் முப்பது முறை வரை ஏப்பம் விடுவது இயல்பே என்கிறார்கள் மருத்துவர்கள். அவற்றில் பல, சத்தமே இல்லாமல் வந்து போய்விடும்.

காற்று கூடுதலாக உள்ளே போகும் வழிகளைப் பார்த்தால், நம் தொழிலுக்கென்றே எழுதிவைத்தது போல் இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாய் சோறு, ஒரு வாடிக்கையாளர், மறுபடி ஒரு வாய் என்று அவசரமாக விழுங்குகிறோம். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே விலை சொல்கிறோம். கொதிக்கக் கொதிக்கத் தேநீரை உறிஞ்சிக் குடிக்கிறோம். உறிஞ்சும்போது தேநீரில் பாதி, காற்றில் பாதி என்று உள்ளே போகிறது. வெற்றிலை பாக்கு, மிட்டாய், சூயிங்கம் என்று எதையாவது மென்றுகொண்டே இருந்தால் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். அதை விழுங்க விழுங்கக் காற்றும் இறங்கும். பீடி, சிகரெட் புகைப்பவர்களுக்கும், பல்செட் தளர்ந்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

இரண்டு ஷட்டர்கள்

உள்ளே போன காற்று வெளியே வரும் வழியை ஒரு கிடங்கை வைத்து விளங்கிக்கொள்ளலாம். இரைப்பை என்பது கிடங்கு. தொண்டையிலிருந்து அந்தக் கிடங்குக்குப் போகும் சந்துதான் உணவுக்குழாய். சுமார் 25 செ.மீ. நீளம். இந்தச் சந்தின் மேல்முனையில் ஒரு ஷட்டர், கீழ்முனையில் ஒரு ஷட்டர். இரண்டும் வளையம் போன்ற தசைகள். சும்மா இருக்கும் நேரத்தில் இரண்டும் சாத்தியே இருக்கும். விழுங்கும்போது மட்டும் மேலிருந்து கீழாக வரிசைப்படி திறந்து மூடும்.

விழுங்கிய காற்று, உணவையும் நீரையும் விட இலேசானது. ஆகவே நாம் உட்கார்ந்திருக்கும்போதோ நிற்கும்போதோ அது இரைப்பையின் மேற்பகுதியில் போய்த் தங்குகிறது. அங்கே காற்றுச் சேரச் சேர இரைப்பையின் சுவர் விரிகிறது. சுவர் விரிந்த செய்தி வேகஸ் என்னும் நரம்பின் வழியாக மூளையின் அடிப்பகுதிக்குப் போகிறது. "கீழ் ஷட்டரைச் சற்றுத் திற" என்று அங்கிருந்து உத்தரவு வருகிறது. சில விநாடிகளுக்குக் கீழ் வளையம் தளர, காற்று உணவுக்குழாய்க்குள் ஏறுகிறது.

அந்தக் காற்றால் உணவுக்குழாய் விரிந்ததும் இரண்டாவது உத்தரவு பிறக்கிறது. முதலில் குரல்வளையின் வாசல் மூடிக்கொள்கிறது. வருகிற காற்றோடு துளி அமிலம் வந்தாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடாது என்ற முன்னெச்சரிக்கை இது. பிறகு மேல் ஷட்டர் திறக்கிறது. காற்று வெளியேறும்போது அந்தத் தசை வளையமும் தொண்டையும் அதிர்வதால்தான் ஏப்பத்துக்குச் சத்தம் உண்டாகிறது.

மேலே திட உணவோ நீரோ ஏறாமல், காற்றை மட்டும் பார்த்து அனுப்பும் ஏற்பாடு இது. நாம் நிமிர்ந்திருந்தால் இது சரியாக நடக்கும். மல்லாந்து படுத்தால் இரைப்பையில் உள்ள நீர் வாசலை மறைத்துக்கொள்ளும். காற்று வழி தெரியாமல் உள்ளேயே நிற்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் உப்பிக்கொண்டு வருவது இதனால்தான். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் எந்நேரமும் உண்டு. அங்கே எடை என்பதே உணரப்படாததால் காற்று மேலே, நீர் கீழே என்று பிரிவதில்லை. ஏப்பம் விட்டால் உணவும் சேர்ந்து வந்துவிடும்.

ஏப்பம் வராவிட்டால்?

ஏப்பம் அநாகரிகம் என்று சிலர் அடக்குவார்கள். ஆனால் அது வராமலே போனால் என்ன ஆகும் என்பதை மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாட்டின் பெருவயிற்றில் தீவனம் நொதித்து ஒரு நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் வாயு உண்டாகிறது. அதை அது ஓயாமல் ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஈரமான இளம் பயறு வகைத் தீவனத்தை அளவுக்கு மீறித் தின்றுவிட்டு ஏப்பம் அடைத்துக்கொண்டால், இடப்பக்க வயிறு மத்தளம் போல் உப்பி, மூச்சு முட்டி, சில மணி நேரத்தில் மாடு சாய்ந்துவிடும்.

மனிதரிலும் பிறந்தது முதல் ஏப்பமே வராதவர்கள் சிலர் இருக்கிறார்கள். மேல் ஷட்டர் உள்ளே போகத் திறக்கும். வெளியே வரத் திறக்காது. சாப்பிட்ட பிறகு வயிறு உப்பி, தொண்டையில் தவளை கத்துவது போல் களகளவென்று சத்தம் கேட்டு, அவர்கள் படும் பாட்டை நெடுங்காலம் யாரும் நம்பவில்லை. அமெரிக்காவில் சிகாகோ பகுதியைச் சேர்ந்த ராபர்ட் பாஸ்டியன் என்ற தொண்டை மருத்துவர், இத்தகைய 51 பேருக்கு அந்தத் தசையில் ஊசி மருந்து போட்டுத் தளர்த்தி ஏப்பம் வரச்செய்ததை 2019இல் வெளியிட்டார். அதன் பிறகுதான் இது ஒரு நோய் என்று பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது. பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டும் நம் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் இதன் அருமை எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது.

சோடாக் கணக்கு

இனி நம் கடைச் சரக்குக்கு வருவோம். "வயிறு மந்தமா இருக்கு அண்ணாச்சி, ஒரு சோடா குடுங்க" என்று வாடிக்கையாளர் வருகிறார். குடிக்கிறார். பெரிய ஏப்பம் வருகிறது. "அப்பாடா, வாயு போயிருச்சு" என்று காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

போனது எந்த வாயு? கணக்குப் பார்ப்போம். சோடாவில் இருப்பது, அழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் கரைத்த கரியமில வாயு. 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற பாட்டில்தான் நம் ஊர்க் கோலி சோடா பாட்டிலுக்கு மூலம். அதில் கோலியை வாயோடு வாயாக அழுத்திப் பிடித்திருப்பது தக்கையோ மூடியோ அல்ல, உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம்தான். இன்று விற்கும் குளிர்பானங்கள் பலவற்றில், பானத்தின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் வாயு கரைந்திருக்கிறது. அதாவது 300 மி.லி. பாட்டிலில் ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு. திறக்கும்போது கொஞ்சம் போகும். கொஞ்சம் இரத்தத்தில் கலந்து மூச்சில் போகும். மீதி ஏப்பமாக வரும்.

ஆக, வெளியே வந்தது பெரும்பாலும் சோடாவே கொண்டுவந்த வாயு. நாமே போட்ட முதலை நாமே எடுத்துவிட்டு இலாபம் என்று எழுதிக்கொள்வது போன்றது இது. முன்பே அங்கிருந்த காற்றும் அதோடு சேர்ந்து வெளியேறுவதால் சிலருக்குச் சற்று இதமாக இருக்கலாம். நோய் தீர்ந்ததற்கு அது சாட்சி அல்ல.

பொங்கும் பழ உப்புப் பொடியும், வீட்டில் கரைத்துக் குடிக்கும் ஆப்பசோடாவும் இதிலிருந்து சற்று வேறு. அவை இரைப்பையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து அதைச் சமன் செய்கின்றன. ஆகவே நெஞ்செரிச்சலுக்குத் தற்காலிகமாக உண்மையிலேயே பயன் உண்டு. ஆனால் அந்தச் சேர்க்கையிலும் கரியமில வாயு பிறக்கிறது. ஏப்பம் அதனால் வருவது. மேலும் இவற்றில் சோடியம் மிகுதி. இரத்த அழுத்தமோ இருதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இவற்றைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

ஓமம், சீரகம், சுக்கு, பெருங்காயம் ஆகியவற்றை நம் முன்னோர் வயிற்றுக்கென்றே சமையலில் சேர்த்தார்கள். அளவோடு சேர்ப்பதில் தவறில்லை. புதினா மட்டும் இருமுனைக் கத்தி. அது தசையைத் தளர்த்துவதால் வயிற்றுப் பிடிப்புக்கு நல்லது. கீழ் ஷட்டரையும் தளர்த்துவதால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதைக் கூட்டிவிடும்.

புளியேப்பம் வருவது ஏன்?

காற்றோடு இரைப்பை அமிலமும் மேலேறினால் அதுவே புளியேப்பம். இரைப்பைக்குள் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். இரைப்பையின் வேலையை நேரில் பார்த்து ஆராயும் வாய்ப்பு, வேடிக்கையாக, ஒரு கடைக்குள் நடந்த விபத்தால்தான் கிடைத்தது. 1822 ஜூன் 6ஆம் நாள், அமெரிக்காவில் மாக்கினா என்ற தீவில் கம்பளித்தோல் வணிகம் செய்யும் கம்பெனியின் கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் இரைப்பையில் ஓட்டை விழுந்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்கவைத்தார். ஆனால் ஓட்டை மூடவே இல்லை. அதன் வழியே பட்டு நூலில் உணவுத் துண்டுகளைக் கட்டி இறக்கி, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பல ஆண்டுகள் குறித்துவைத்து, 1833இல் நூலாக வெளியிட்டார் போமான்ட். உணவு செரிப்பதற்கு மணிக்கணக்கு ஆகும் என்பது அந்தக் குறிப்புகளில் தெளிவாயிற்று.

"சாப்பிட்டதும் ஏப்பம் வந்துவிட்டது, செரித்துவிட்டது" என்று நாம் சொல்வது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும். சாப்பிட்டு ஐந்து நிமிடத்தில் வரும் ஏப்பம் உள்ளே போன காற்று திரும்புவதே அன்றிச் செரிமானத்தின் இரசீது அல்ல.

இரைப்பையின் உட்சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு. உணவுக்குழாய்க்கு அது இல்லை. ஆகவே அமிலம் மேலேறினால் எரிகிறது. கீழ் ஷட்டரைத் தளர்த்துவன எவை? புகையிலை, மது, எண்ணெயில் பொரித்த பண்டங்கள், தொந்தி, வயிற்றை இறுக்கிக் கட்டுவது. நம்மில் பழைய ஆட்கள் பணம் வைக்க அணியும் அகலமான பெல்ட்டும் இதில் சேரும்.

எல்லாவற்றையும் விட நம் தொழிலில் முக்கியமானது இரவுச் சாப்பாடு. பத்து மணிக்குக் கடையைச் சாத்தி, கணக்கு முடித்து, பதினொரு மணிக்குப் பரோட்டாவோ பிரியாணியோ வயிறு நிறையச் சாப்பிட்டு, பதினொன்றரைக்குப் படுத்தால் அமிலம் சும்மா இருக்குமா? நிமிர்ந்திருந்தவரை கீழே கிடந்தது, படுத்ததும் குழாய்க்குள் வந்துவிடும்.

பழக்க ஏப்பம்

சிலர் மணிக்கு இருபது முப்பது ஏப்பம் விடுவார்கள். மருந்து மாற்றி மருந்து சாப்பிட்டும் நிற்காது. இவர்களைப் பற்றி நெதர்லாந்து மருத்துவர்கள் 2004இல் ஓர் உண்மையைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். உணவுக்குழாய்க்குள் மெல்லிய மின்கம்பிக் குழலைச் செலுத்திப் பார்த்தபோது, இவர்கள் விடும் காற்று இரைப்பையிலிருந்து வரவே இல்லை. தம்மையறியாமல் காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, அது இரைப்பைக்குப் போகும் முன்பே வெளியே தள்ளுகிறார்கள்.

வயிறு சற்றுக் கனமாக இருக்கிறது, ஒரு ஏப்பம் விட்டால் தேவலை என்று வலிந்து விடத் தொடங்குவதிலிருந்து இது பழக்கமாகிறது. கவலை கூடினால் ஏப்பமும் கூடும். பேச்சில் ஈடுபட்டிருக்கும்போதும் தூங்கும்போதும் நின்றுவிடும். இதற்கு வயிற்று மருந்து பயன்படாது. வயிறு ஏறி இறங்க மெதுவாக மூச்சு விடும் பயிற்சியும், பேச்சுப் பயிற்சி நிபுணரின் உதவியுமே வழி. வலிந்து ஏப்பம் விடுவதை நிறுத்துவது முதற்படி.

வாயு என்னும் ஒரே சீட்டு

நம் மக்கள் எந்த வலிக்கும் வாயு என்ற ஒரே சீட்டை ஒட்டிவிடுகிறார்கள். முழங்காலில் வாயு, முதுகில் வாயு, தோளில் வாயு. வயிற்றுக் காற்று இரைப்பைச் சுவரைத் தாண்டி முழங்காலுக்குப் போக வழியே கிடையாது. அது மூட்டின் வலி, தசையின் வலி.

பருப்பு, கடலை, மொச்சை வகைகளில் உண்டாகும் வாயுவும் வேறு. அவற்றிலுள்ள சில சர்க்கரைப் பொருள்களை நம் குடல் செரிக்க முடியாது. அவை பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகளால் நொதித்து வாயு ஆகின்றன. அது பெரும்பாலும் கீழ்வழியே போகும். ஏப்பமாக மேலே வராது. கொண்டைக்கடலையையும் மொச்சையையும் இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் வேகவைத்தால் இந்தத் தொல்லை குறையும். கேட்கிற வாடிக்கையாளருக்கு இதை நாம் சொல்லலாம்.

இந்த ஒரே சீட்டை ஒட்டும் பழக்கம் முழங்காலோடு நின்றால் பரவாயில்லை. மார்புக்கு வரும்போதுதான் உயிர் போகிறது.

ஒரு சோடாவின் கதை

இதை எழுதுவதற்கான காரணத்துக்கு வந்துவிட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். நம் கடைக்கு நான்கு கடை தள்ளி அரிசி மண்டி வைத்திருந்த பெரியவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வயது ஐம்பத்தாறு. சர்க்கரை நோய் உண்டு.

"தம்பி, காலைல இட்லி தின்னதுலேருந்து நெஞ்சுல வாயு அடைச்சாப்புல இருக்கு. ஒரு சோடா உடைங்க" என்றார்.

நாமேதான் உடைத்துக் கொடுத்தோம். குடித்தார். இரண்டு ஏப்பம் வந்தது. "இப்பத் தேவலை" என்று எழுந்து போனார். அரை மணியில் மறுபடி வந்தார். இன்னொரு சோடா. அதற்குப் பிறகு யாரோ ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ பழ உப்பு கலக்கிக் கொடுத்தார்கள். எல்லோரும் அவர் மேல் அன்பு வைத்தவர்கள்தான். ஒருவருக்கும் வேறு எண்ணம் தோன்றவில்லை.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர்தான் பார்த்துச் சொன்னார்: "மொதலாளி, மின்விசிறிக்குக் கீழ உக்காந்துக்கிட்டு இப்பிடி வேர்க்குதே, இது வாயு இல்ல." அதன் பிறகே ஆட்டோ வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு. தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார் மருத்துவர்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. மண்டியை மகன் பார்க்கிறார். இன்றும் நம் கடைப் பக்கம் வந்தால், "அன்னைக்கு நீங்க குடுத்த சோடா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நமக்குத்தான் சிரிப்பு வராது.

ஏன் இப்படி ஏமாந்துபோகிறோம்? இருதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே இரைப்பை. இரண்டிலிருந்தும் செல்லும் வலிச் செய்திகள் பொதுவான நரம்புப் பாதைகளில் கலந்துவிடுகின்றன. செய்தி எந்தக் கடையிலிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்தறிய முடிவதில்லை. ஆகவே இருதயத்தின் அடிப்பகுதியில் அடைப்பு ஏற்பட்டால் மேல்வயிற்றில் பாரம், குமட்டல், ஏப்பம் என்றே தோன்றலாம். ஏப்பம் விட்டதும் சற்றுக் குறைந்தது போலவும் இருக்கலாம். அந்தக் குறைவை நம்பக்கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், முதியவர்களுக்கும் கடும் வலி இல்லாமலே மாரடைப்பு வருவதுண்டு.

வெறும் ஏப்பம் மட்டும் வந்தால் அஞ்ச வேண்டாம். அதனோடு கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் சோடாவைத் தொட வேண்டாம்:

1. நடு மார்பிலோ மேல்வயிற்றிலோ மூட்டை வைத்தது போன்ற பாரம், இறுக்கம்.
2. இடது கை, தோள், தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி.
3. காரணமில்லாத குளிர்ந்த வேர்வை.
4. மூச்சுத் திணறல், தலைசுற்றல், திடீர்ச் சோர்வு.
5. நடந்தாலோ படி ஏறினாலோ மூட்டை தூக்கினாலோ கூடுவது, நின்றால் குறைவது.

உடனே 108க்குச் சொல்ல வேண்டும், அல்லது இ.சி.ஜி. வசதியுள்ள மருத்துவமனைக்கு மற்றவர் துணையோடு போக வேண்டும். தாமே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. கடையைச் சாத்திவிட்டு, பாக்கி வாங்கிவிட்டு, சரக்கை இறக்கிவிட்டு என்று தள்ளக்கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியும், அடைப்பை நீக்கும் சிகிச்சையும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு தசை பிழைக்கும். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மருத்துவர் இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும். போய்ப் பார்த்து வாயுதான் என்று தெரிந்தால் நட்டம் ஓர் அரைநாள் வியாபாரம். போகாமலிருந்து அது வேறாக இருந்தால் அந்த நட்டத்தை எழுத எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

மதியச் சாப்பாட்டுக்குக் கல்லாவை விட்டு எழுந்து இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும். மென்று, பேசாமல், மெதுவாகச் சாப்பிட வேண்டும். பாதி ஏப்பம் இதிலேயே குறையும்.

இரவில் ஏழரை எட்டு மணிக்குக் கடையிலேயே இட்லி, சப்பாத்தி என்று பெரும்பகுதியை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் ஒரு தம்ளர் பாலோ பழமோ போதும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் இருக்கட்டும். புளியேப்பம் உள்ளவர்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரையடி உயரம் கட்டை வைத்து, இடப்பக்கமாகப் படுத்தால் நல்ல குணம் தெரியும்.

விழுங்குவதில் தடை, காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பு மலம், இரத்த வாந்தி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய செரியாமை ஆகியவை இருந்தால் கடை மருந்தில் காலம் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாரத்தில் பல நாள் நெஞ்செரிச்சல் வருகிறவர்களுக்கும் இதே யோசனைதான்.

கடைசியாக ஒன்று. யாராவது நம் கடைக்கு வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே சோடா கேட்டால், பாட்டிலை எடுக்கும் முன் முகத்தைப் பாருங்கள். "வேர்க்குதா? கை வலிக்குதா? சர்க்கரை இருக்கா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். நம் கடை ஊழியர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். ஒரு சோடா விற்காமல் போனால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.